மூணு எண்ணிட்டுப் பேசற மனுசன்

தள்ளி உக்காரு அம்மணி. இன்னுங் கொஞ்சம். ஆங், போதும். இந்தப் பையி மட்டும் நசுங்கக் கூடாது, அதுக்குத்தான். உள்ள சீர்ச் சாமான் இருக்குது. ஆப்பிளு, ஆரஞ்சு, கொழந்தைக்குக் கவுனு, கண்ணாடி வளவி. இந்த பஸ்ஸு குண்டடம் போறதுக்குள்ள எவனாச்சும் இதுமேல உக்காந்துட்டான்னா, மாமன் சீருன்னு பழக் கொழம்பைத்தான் தூக்கிட்டுப் போவோணும்.

காதுல என்ன ஒயரு? பாட்டா, பேச்சா? போனைக் காட்டு பாக்கலாம். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், எட்டாவது வரைக்கும் போனவதான். 'எதிரில் இருப்பவர் மனதைப் படிக்க ஏழு ரகசியங்கள்.' அட நாசமாப் போக! கழட்டு கண்ணு. கழட்டுங்கறேன். கோவிச்சுக்காத. என்ர குடும்பமே இந்த ஒயரு வழியாத்தான் அம்மணி ஒழுகிப் போச்சு.

எம்பேரு சாந்தாமணி. திருப்பூர்ல பனியன் கம்பெனில செக்கிங். தெச்சு வர்ற பனியனை வெளிச்சத்துல விரிச்சுப் பாத்து, எங்க ஓட்டை, எங்க தையல் விட்டிருக்குன்னு கண்டுபுடிச்சு, அந்த எடத்துல செவப்பா ஒரு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டோணும். அதான் வேலை. பத்தொம்பது வருசமா ஊராங் குத்தத்துல ஸ்டிக்கர் ஒட்டித்தான் நாஞ் சோறு திங்கறேன். இந்தக் கண்ணுக்குத் தப்பி ஒரு ஓட்டை போனதில்ல. எங்கூட்டுக்காரரு அதே கம்பெனில கட்டிங் மாஸ்டரு. பேரு சென்னியப்பன். புருசம் பேரைச் சொன்னா அவங்களுக்கு ஆயுசு கொறையும்பாங்க. கொறையட்டும். அவ்வளவு ஆத்திரம் இருக்குது எனக்கு.

அடச்சீ. கொறைய வேண்டாம். வாயி, சும்மா இருக்க மாட்டேங்குது.

அந்த மனுசன் எங்கூடப் பேசி நாப்பத்தியோரு நாளாச்சு அம்மணி. குண்டடத்துல அவரு தங்கச்சி கோகிலா ஊட்டுல போயி உக்காந்துக்கிட்டாரு. பதினெட்டு வருசம் கத்திரி புடிச்ச கை, இப்ப கோகிலா ஊட்டு எருமைக்குச் சோளத்தட்டு அறுத்துப் போட்டுட்டு இருக்குது. இன்னைக்கு அந்தக் கோகிலா புள்ளைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில புள்ளை உக்காரோணும், மாமம் பொண்டாட்டி சீர்த்தட்டு தூக்கோணும். நா போவலீன்னா, வந்திருக்கற ஒரம்பரை, சொந்தபந்தம் அத்தனை பேரும் ஒரே பார்வைல முடிவு பண்ணிருவாங்க, 'செரி, இதுக அத்துக்கிச்சு'ன்னு. போயி, அங்க அவரு மொகத்தைத் திருப்பிக்கிட்டாருன்னாலும் அதேதான். பொறவு ஒட்டவே ஒட்டாது. கோகிலாதாங் கூப்புட்டா, 'அண்ணன் என்ன பண்ணுனாலும் நீங்க வாங்க அண்ணி'ன்னு. அவரு கூப்புடல.

எல்லாம் அந்தக் கூலிங் கிளாஸ்காரனால.

போனுக்குள்ள வருவான். 'ஆல்பா அண்ணன்'னு பேரு வெச்சிருக்கறான், எவன் வெச்சானோ. இரு, அவனைப் பண்ணிக் காட்டறேன். குரலை அடியில இருந்து எடுக்கோணும், தண்ணி வத்துன போர்ல மோட்டார் ஓடற மாதிரி. "நண்பா... நீ ஆடா? இல்ல... ஓநாயா?"

பாத்தியா, சிரிச்சுட்ட! எல்லாருஞ் சிரிப்பாங்க. ஊட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டு எதுக்குடா கூலிங் கிளாஸு, வெங்காயமாடா உரிக்கற? ஆடுன்னா கேவலமாம். எங்க பக்கம் ஆடு வித்துத்தாண்டா புள்ளைகளைப் படிக்க வெக்கறாங்க. ஓநாயை வெச்சு எவன்டா ஃபீஸ் கட்டுனான்? அதைக் கேக்கறதுக்கு ஆளில்ல. லச்சக்கணக்குல பாக்கறானுங்க.

தீவாளி கழிஞ்சு ஆரம்பிச்சுது. முன்னயெல்லாம் வேலை முடிஞ்சு வந்தா டீ குடிச்சுட்டு எங்கூட வம்பு பேசிட்டு இருப்பாரு. தீவாளிக்குப் பொறவு போனும் கையுமாக் கொல்லைப்பக்கம் போயிருவாரு. வேற எவளோ இருக்கறான்னு நெனச்சு ஒரு நா பின்னாலயே போயிக் காதைக் குடுத்துக் கேட்டேன். ஆம்பளைக் குரலு. "நண்பா, மௌனம்தான் ஆயுதம்." இவரு தலையைத் தலையை ஆட்டிட்டு நிக்கறாரு. எவளாச்சும் இருந்திருந்தாக்கூடச் சிண்டைப் புடிச்சு இழுத்திருப்பேன். இவனை எங்க புடிக்கறது? கண்ணாடிதான வழுவழுன்னு இருக்குது!

அப்பறம் ஒவ்வொரு சட்டமா ஊட்டுக்குள்ள வந்துச்சு. ஒருத்தங் கேள்வி கேட்டா ஓநாயி ஒடனே பதில் சொல்லாதாம். மனசுக்குள்ள மூணு எண்ணோணுமாம். "கொழம்புல உப்பு போதுங்களா?"ம்பேன். மொகத்தைப் பாத்துட்டே இருப்பாரு. ஒண்ணு... ரெண்டு... மூணு... "போதும்." அதுக்குள்ள நாந் தின்னு, தட்டைக் கழுவிக் கவுத்திருப்பேன். கம்பெனில மேனேஜர் வந்து, "மாஸ்டர், துணி எத்தனை மடிப்பு விரிச்சீங்க?"ன்னா, அங்கயும் ஒண்ணு, ரெண்டு, மூணு. பஸ்ஸுல கண்டக்டரு "எங்கீங்க போவோணும்?"னு கேட்டிருக்கறான். இவரு எண்ணிட்டு நின்னிருக்கறாரு. அந்தப் பையன், பாவம் வாய் பேசாத மனுசன் போலன்னு, ஒருத்தரை எழுப்பிப்போட்டு இவரை உக்கார வெச்சுட்டான். இவருக்கு அது வெற்றி! 'பாத்தியா, மௌனத்துக்கு மருவாதி'ங்கற மாதிரி ஒரு பார்வை என்னைய.

பார்வைன்னதும் நெனப்பு வருது. ஆளு பேசறப்ப கண்ணைப் பாக்கக் கூடாதாம், ரெண்டு புருவத்துக்கும் நடுவால பாக்கோணுமாம், அப்பத்தான் எதுத்தாப்புல இருக்கறவங்க நடுங்குவாங்களாம். இவரு என்ர நெத்திப் பொட்டையே பாத்துட்டு இருப்பாரு. எனக்கென்ன தெரியும்? பொட்டு கோணலாட்ட இருக்குதுன்னு நெனச்சு நாளைக்கு நாலு பொட்டு மாத்தி ஒட்டுனேன்.

இன்னொண்ணு கேளு. மூக்கைத் தொட்டா பொய் சொல்றாங்கன்னு அர்த்தமாம்! நா நாளெல்லாம் பனியனை ஒதறிட்டு நிக்கறவ. பஞ்சுத் தூசி மூக்குக்குள்ள பந்தாட்ட அடைச்சிருக்கும். மூக்கைச் சொறியாம எதைச் சொறியறது? ஊட்டுக்கு வந்து, "மக ஹாஸ்டல்ல இருந்து போன் பண்ணுனா, நல்லா இருக்கறாளாம்"னு சொல்லிட்டு மூக்கைத் தேச்சேன். அவ்வளவுதான். எந்திரிச்சுப் போயி மகளுக்குப் போன் போட்டு, "உண்மையைச் சொல்லு கண்ணு, ஒனக்கு ஒடம்புக்கு என்ன?"ங்கறாரு. அந்தப் புள்ளை பயந்து அழுதுபோட்டா.

மார்கழில ஒரு நா, "நாஞ் செவப்பு மாத்திரை முழுங்கிட்டேன், சாந்தா. இனி உலகத்தோட உண்மை எல்லாம் எனக்குத் தெரியும்"னாரு. எந்த மாத்திரையைத் தின்னு தொலைச்சாரோன்னு சட்டைப் பையி, பீரோ, அரிசி டப்பா எல்லாத்தையும் கவுத்துத் தேடுனேன். நர்சம்மா எனக்குக் குடுத்த சத்து மாத்திரைதாஞ் செவப்பா இருந்துச்சு. அதை எண்ணுனா ரெண்டு கொறையுது. மெடிக்கல் கடைக்கு ஓடிப் போயி, "ஆம்பளை இதைத் தின்னா என்னுங்க ஆவும்?"னேன். "ரத்தம் ஊறுமுங்க"ன்னான். பொறவுதான் தெரிஞ்சுது, அது மாத்திரையே இல்லியாம், அவனுங்க பேசிக்கற பேச்சாம். பொம்பளைகளப் பத்தி ரகசியமெல்லாந் தெரிஞ்சுக்கிட்டவனுக்கு அப்புடிச் சொல்லிக்குவாங்களாம். என்னடா ரகசியம்? என்னைப் பத்தித் தெரிஞ்சுக்கோணும்னா எங்கிட்டக் கேளேண்டா! நா பேச்சை நிறுத்துனாத்தான ரகசியம்!

இத்தனைக்கும் முன்னால எப்புடி இருந்த மனுசன் தெரியுமா? தங்கம். நா என்ன பண்ணுனாலுஞ் சிரிப்பாரு. எனக்குச் சின்னதுல இருந்தே இது வரும் அம்மணி, யாரைப் பாத்தாலும் அப்புடியே பண்ணிருவேன். நடை, குரலு, இருமலு எல்லாம். கம்பெனில ஆயுத பூஜைன்னா மைக்கை எங்கிட்டத்தாங் குடுப்பாங்க. போன ஆயுத பூஜைக்குக்கூட மேனேஜரைப் பண்ணுனேன், டீக்காரம்மாவைப் பண்ணுனேன், மொதலாளி முன்னாலயே மொதலாளியைப் பண்ணுனேன். மனுசன் வேட்டியை இறுக்கிப் புடிச்சுட்டுச் சிரிக்கறாரு. அப்பப் பின்னால இருந்து ஒருத்தி, "உங்கூட்டுக்காரரைப் பண்ணுக்கா!"ன்னு கத்துனா. எல்லாரும் கையைத் தட்டறாங்க. பண்ணாம விட்டா நல்லா இருக்குமா? நீயே சொல்லு.

என்ன பண்ணுனேன்னா, இவரு தெனமும் காலைல பீரோக் கண்ணாடி முன்னால நின்னு மொதலாளிகிட்டப் பேசிப் பழகுவாரு. ரெண்டு வருசமா. நா அடுப்படில இருந்து கேட்டுட்டே இருப்பேன். ப்ளோர் இன்சார்ஜ் வேலை காலியாவும், அதை எனக்குக் குடுங்கன்னு கேக்கோணும். கண்ணாடிகிட்ட நல்லாக் கேப்பாரு. மொதலாளியைப் பாத்தா வாயி ஒட்டிக்கும். அதைத்தாம் பண்ணுனேன். ரெண்டு கையையும் இப்புடிக் கோத்துக்கிட்டு, தொண்டையைச் செருமிக்கிட்டு, "அது வந்துங் மொதலாளி... தப்பா நெனைக்கப்படாதுங்... பதினெட்டு வருசமாச்சுங்..."னு ஆரம்பிச்சு, நடுவுல மறந்துபோயி, திரும்பியும் மொதல்ல இருந்து, "அது வந்துங் மொதலாளி..." கண்ணாடிக்கு ஒரு கும்புடு போட்டு முடிச்சேன். அம்மணி, கூரை பிச்சுக்கிச்சு! மொதலாளிக்குக் கண்ணுல தண்ணி. எங்கூட்டுக்காரரும் சிரிச்சாரு. நாம் பாத்தேன், அவருதான் மொதல்ல கை தட்டுனதே.

சிரிச்சுட்டா மனசுல ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம். அது என்ர கண்டுபுடிப்பு. எந்தப் போனுலயும் பாத்துச் சொல்லல, நாலாயிரம் மொகத்தைச் சிரிக்க வெச்சுச் சொல்றேன். சிரிச்சவன் ஒதறிட்டுப் போயிருவான். சிரிக்காதவனைத்தான் நம்பக் கூடாது.

அதுக்கப்பறம் ஒரு வாரத்துல இன்சார்ஜ் வேலையை மோகன்ராசுக்குக் குடுத்துட்டாங்க. மூணு வருசம் முன்னால இவருகிட்டக் கத்திரி புடிக்கக் கத்துக்கிட்டவன். அது எதனாலயோ, எனக்கென்ன தெரியும்? கம்பெனில பொண்ணு புள்ளைக கொஞ்ச நாளைக்கு இவரைப் பாத்தா, "அது வந்துங் மொதலாளி"ம்பாங்க. மோகன்ராசே ஒருக்காச் சொல்லியிருக்கறான். வெளையாட்டுக்குத்தான். இவரும் சிரிச்சுட்டேதான் இருந்தாரு, கட்டிங் டேபிள்ல குனிஞ்சமானிக்கு. அப்பக்கூட நல்லாத்தான் இருந்தாருங்கறேன். அந்தக் கூலிங் கிளாஸ்காரன் வந்துதாங் கெடுத்தான்.

நா சும்மா சொல்லல, கையும் களவுமாப் புடிச்சேன். ஒரு நா போனை வெச்சுப்போட்டுக் குளிக்கப் போயிருந்தாரு. எடுத்துப் பாத்தேன். அந்த ஓநாய்க்காரனுக்குக் கீழ ஊர்ப்பட்டவன் எழுதியிருக்கறான். அதுல இவரும் எழுதியிருக்கறாரு. எழுத்துக் கூட்டிப் படிச்சேன். என்ன தெரியுமா? 'சார், நாலு பேர் நம்மளப் பாத்துச் சிரிக்கும்போது, நாமளும் சேர்ந்து சிரிக்காம இருக்கறதுக்கு என்ன பண்ணணும்?'

பாத்தியா கேள்வியை! ஊரு ஒலகத்துல எவனாச்சும் சிரிக்கறதுக்கு வழி கேப்பான். இவரு சிரிக்காம இருக்கறதுக்குப் பயிற்சி கேக்கறாரு! அதுக்கு அவன் பதில் போட்டிருக்கறான், 'மௌனமே ஆயுதம் நண்பா'ன்னு ஒரு ஓநாய்ப் படத்தோட. எனக்கு எப்புடி எரியும்? சிரிச்சுட்டு இருந்த மனுசனைக் கூட்டிட்டுப் போயி நாசம் பண்ணிப்போட்டானே!

என்ன அம்மணி, வெளிய பாக்கற? அவினாசிபாளையம் தாண்டியாச்சு. இன்னும் நேரம் கெடக்குது.

கடைசியா நடந்ததைச் சொல்லிர்றேன். பொங்கல் முடிஞ்சு கம்பெனி தொறந்தாங்க. டீ நேரம். எல்லாரும், "ஓநாய் எப்புடிக்கா இருக்குது?"ன்னாளுக. நா ஒரு பனியன் கட்டு மேல ஏறி, காலை அகட்டி நின்னு, அவளுக நெத்திப் பொட்டையே மொறைச்சுப் பாத்து, கையில டீயை வெச்சுக்கிட்டு, ஒண்ணு... ரெண்டு... மூணு... "சக்கரை... கம்மி"ன்னேன். விழுந்து விழுந்து சிரிக்கறாளுக. திடீர்னு பாதிச் சிரிப்பு நிக்குது. திரும்புனா, பின்னால எங்கூட்டுக்காரரு. வெட்டுன துணிக் கட்டைத் தோள்ல வெச்சுட்டு நிக்கறாரு.

நா எப்பவும் போல அவரைப் பாத்தேன், சிரிப்பாருன்னு. சிரிக்கல.

பதினெட்டு வருசத்துல மொதத் தடவை அம்மணி. மொகம் பலகையாட்ட இருந்துச்சு. கட்டைக் கீழ வெச்சாரு. மெதுவா வெச்சாரு, எறியக்கூட இல்ல. போயிட்டாரு. அன்னைக்குச் சாயங்காலம் ஊட்டுக்கு வரல. கோகிலாதாம் போன் பண்ணுனா, அண்ணன் இங்க இருக்கறாருன்னு. அப்பத்தாங் கண்டேன், அந்த ஓநாய்ப்பய இவரு மனசை எம்புட்டுத் தூரம் கெடுத்து வெச்சிருக்கறான்னு. ஒரு டீக்குச் சிரிக்க முடியாத அளவுக்கு!

நாப்பத்தியோரு நாளு நானும் போன் பண்ணல. நா எதுக்குப் பண்ணோணும்? என்ர மேல என்ன தப்பு? மொதல்ல பேசறவன் தோத்தான்னு அவன் பாடத்துல இருக்குதாம். ஓநாயி பேசாது, ஆடும் பேசல. சோத்தை ஆக்கி ஒத்தைல உக்காந்து தின்னேன். ஊட்டுல ஒரு சத்தம் இல்ல. மூணு எண்ணிட்டுப் பேசுனாக்கூடப் பரவால்லன்னு தோணிப்போச்சு ஒரு நா. அதை உடு.

இன்னைக்கு என்ன பண்ணப் போறேன்னு சொல்லட்டுமா? காதுகுத்துக்கு மைக் செட்டுக் கட்டியிருக்கறாங்களாம். சீர்த்தட்டை எறக்கி வெச்சதும் மைக்கைப் புடிச்சுக்குவேன். ஒரம்பரை அத்தனை பேரு முன்னாலயும் இவரைப் பண்ணப் போறேன். ஓநாயி எருமைக்குச் சோளத்தட்டு அறுக்கறது. எருமை 'ம்மா'ன்னா, இவரு ஒண்ணு... ரெண்டு... மூணு எண்ணிட்டுப் புல்லுப் போடறது. எப்புடி? எல்லாருஞ் சிரிச்சே ஆவோணும். சனம் அத்தனையுஞ் சிரிக்கறப்ப இவரு எப்புடிச் சிரிக்காம இருப்பாரு? சிரிச்சுருவாரு. சிரிச்சுட்டா முடிஞ்சுது. சாயங்காலம் ஒட்டுக்கா பஸ் ஏறிருவோம். ஆயுத பூஜைக்கு எப்புடி கை தட்டுனாரோ அப்புடி...

இரு, போன் அடிக்குது. கோகிலாவாத்தான் இருக்கும். எங்க வந்துட்டு இருக்கீங்கம்பா. இந்தப் பையைப் புடி கண்ணு. எங்க வெச்சேன்...

அம்மணி. அவரு.

ஹலோ. ...ம். பஸ்ஸுலதான். ...ம். ...கேக்குது, சொல்லுங்க. ...ம்.

...

வெச்சுட்டாரு.

கெலிச்சுட்டேன் அம்மணி! அவருதான மொதல்ல பேசுனாரு? அந்தக் கூலிங் கிளாஸ்காரன் மூஞ்சில கரி! மூணெல்லாம் எண்ணவே இல்ல, கடகடன்னு பேசிட்டாரு. "சாந்தா, நீ வா. தட்டு நீதாந் தூக்கோணும். நாங்கூட நிக்கறேன்"னாரு. நாங்கூட நிக்கறேன்னு சொல்லிட்டாருல்ல, அப்பறம் என்ன? பொறவு, "சனமெல்லாம் வந்திருக்குது. அவங்க முன்னால மட்டும் என்னை... பண்ணிக் காட்டாத"ன்னாரு. அவ்வளவுதான். வெச்சுட்டாரு.

நாம் பண்ணப் போறேன்னு அவருக்கு எப்புடித் தெரிஞ்சுதுன்னு பாரேன். கோகிலாகிட்டக்கூட நாஞ் சொல்லல.

ஆனாக் குரலு எப்புடி இருந்துச்சு தெரியுமா? இரு, பண்ணிக் காட்டறேன். 'என்னை'ங்கறதுக்கும் 'பண்ணிக் காட்டாத'ங்கறதுக்கும் நடுவால லேசா ஒடஞ்சுது. அதைப் புடிச்சாத்தான் அவரு. "அவங்க முன்னால மட்டும் என்னை... பண்ணிக் காட்டாத." ம்ஹூம். இது இல்ல. இது அழுவற மாதிரி இருக்குது. அவரு அழுவல. மூச்சு உள்ள இழுத்துச்சு, வெளிய வர எடமில்லாம. இரு. "என்னை..."

"சாந்தா. அவங்க முன்னால மட்டும்... என்னை..."

தொண்டையில தூசி. பஞ்சுத் தூசிதான் கண்ணு, வேற ஒண்ணுமில்ல. நாப்பது குரலு பண்ணுவேன் நானு, இது ஒண்ணுக்கு இந்தப் பாடு படுத்துது.

"என்னை... பண்ணிக் காட்டாத, சாந்தா."

வந்துருச்சு. அச்சு அசல் அவரே. கேட்டியா?

ஏன் அம்மணி, மொகம் இப்புடிப் போச்சு? இம்புட்டு நேரம் எதுக்கெடுத்தாலுஞ் சிரிச்சுட்டுத்தான வந்த? ஓநாய்க்குச் சிரிச்ச, மாத்திரைக்குச் சிரிச்ச, மொதலாளிக்குக்கூடச் சிரிச்ச.

குண்டடமா? இந்தா எறங்கறேங்க, விசிலடிக்காதீங்க! பையைக் குடு கண்ணு. பாத்து, பாத்து. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ... இல்ல, நாந்தான எறங்கறேன், நீ சொல்லு. இதுக்கு மட்டும் ஏன் அம்மணி சிரிக்கல? நாந் தப்பாப் பண்ணுனனா, செரியாப் பண்ணுனனா?